தாவர செல்லின் வாக்குவோலும் விலங்கு செல்லின் வாக்குவோலும்: வித்தியாசம் அளவில் மட்டும்தானா?

கேள்வி இதுதான்: தாவர செல்லில் ஒரே ஒரு பெரிய வாக்குவோல் (சவ்வு சூழ்ந்த சாற்றுப் பை) இருக்கிறது, விலங்கு செல்லில் சின்னச் சின்னதாகப் பல இருக்கின்றன என்று பாடத்தில் வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதானா, அது ஏன் அப்படி?

பாடத்தில் உள்ள வரி தப்பில்லை. ஆனால் அது சொல்வது விளைவைத்தான். காரணம் வாக்குவோலுக்கு வெளியே, செல் சுவரில் இருக்கிறது. சுவர் உள்ள செல் தண்ணீரை உள்ளே இழுத்து, அந்த அழுத்தத்தையே பலமாக வைத்துக்கொண்டு வாழலாம். சுவர் இல்லாத செல் அதே வேலையைச் செய்தால் வெடித்துவிடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற வித்தியாசங்கள் எல்லாம் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சில பாடநூல்கள் நுண்குமிழ் என்கின்றன, சில புன்வெற்றிடம் என்கின்றன. லத்தீன் மூலச் சொல்லுக்கும் 'வெறுமை' என்றே பொருள். 1841இல் பிரெஞ்சு உயிரியலாளர் துஜார்தின் ஒற்றைச் செல் உயிரிகளில் இந்தப் பைகளைப் பார்த்து வாக்குவோல் என்று பெயர் வைத்தபோது, அன்றைய நுண்ணோக்கியில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அதனால் வந்த பெயர். உண்மையில் அது வெற்றிடமே இல்லை. ஒற்றைச் சவ்வு சூழ்ந்த பை, அதற்குள் செல் சாறு. சாற்றில் தண்ணீர், பொட்டாசியம், குளோரைடு, நைட்ரேட் போன்ற அயனிகள், சர்க்கரைகள், மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம், நிறமிகள், செரிக்கும் நொதிகள் என்று ஒரு பெரிய பட்டியலே இருக்கும். தாவர வாக்குவோலின் சவ்வுக்கு டோனோபிளாஸ்ட் என்ற பெயரை 1885இல் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் கொடுத்தார். இது மைட்டோகாண்ட்ரியாவுக்கு உள்ளதுபோல் இரட்டைச் சவ்வு அல்ல. தேர்வுத் தாளில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

இப்போது அழுத்தத்துக்கு வருவோம், விஷயத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. செல் சாற்றில் கரைந்த பொருள்களின் மொத்தச் செறிவு லிட்டருக்கு 0.3 ஆஸ்மோல் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையை மோலில் சொல்லும் அளவு) என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தூய நீர். 20 டிகிரி செல்சியஸில் ஒரு ஆஸ்மோலுக்கு 2.44 மெகாபாஸ்கல் என்ற கணக்கில், உள்ளே வரத் துடிக்கும் நீரின் அழுத்தம் சுமார் 0.73 மெகாபாஸ்கல். கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 0.2 மெகாபாஸ்கல்தான். அதாவது சாதாரண இலை செல்லொன்று டயரைவிட மூன்று மடங்குக்கும் மேலான அழுத்தத்தைத் தாங்கி நிற்க முடியும். தாங்குவது சவ்வு அல்ல. செல்லுலோஸ் இழைகள் பின்னிய சுவர்தான் தாங்குகிறது. வாக்குவோல் உப்பி சைட்டோபிளாசத்தைச் சுவரோடு அழுத்த, சுவர் திருப்பித் தள்ளுகிறது. இந்த விறைப்பழுத்தம் இருப்பதால்தான் கட்டை இல்லாத மென்மையான தண்டும் இலையும் நிமிர்ந்து நிற்கின்றன. தண்ணீர் குறைந்தால் வாக்குவோல் சுருங்குகிறது, அழுத்தம் இறங்குகிறது, செடி வாடித் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றியதும் சில மணி நேரத்தில் நிமிர்கிறதே, அப்போது புதிதாக எந்தத் திசுவும் வளரவில்லை. வாக்குவோல்கள் மறுபடி நிரம்பியிருக்கின்றன, அவ்வளவுதான்.

விலங்கு செல்லை அதே தூய நீரில் போடுங்கள். அதற்கு இருப்பது பிளாஸ்மா சவ்வு மட்டும். கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன அந்தச் சவ்வின் பரப்பு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு இழுபட்டாலே கிழிந்துவிடும். சிவப்பணு தன் தட்டை வடிவத்தில் உள்ள தளர்வைப் பயன்படுத்தி முதலில் உருண்டையாகும், அதற்கு மேல் இடமில்லாமல் வெடிக்கும். ஆகவே விலங்கு செல் வேறு வழியில் போகிறது. தன்னைச் சுற்றியுள்ள திரவத்தின் செறிவும் உள்ளே உள்ள செறிவும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. மனித உடலில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 0.3 ஆஸ்மோல். சோடியம்-பொட்டாசியம் பம்பு ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்; அந்தப் பம்பை நிறுத்தினால் செல் வீங்கத் தொடங்கும். இப்படி நூலிழையில் சமநிலை காக்கும் செல்லுக்குள், தண்ணீரை உறிஞ்சி உப்பும் ஒரு பெரிய பைக்கு இடமே இல்லை.

சுவர் இருப்பதால் தாவரத்துக்கு இன்னொரு பெரிய லாபமும் கிடைக்கிறது: மலிவான வளர்ச்சி. தண்டு நுனி, வேர் நுனி ஆகியவற்றின் ஆக்குத்திசு செல்லில் சைட்டோபிளாசம் அடர்த்தியாக இருக்கும், வாக்குவோல்கள் சிறிய சிறிய பைகளாகச் சிதறிக் கிடக்கும். செல் முதிரும்போது அவை நீரை இழுத்துப் பெருத்து, ஒன்றோடொன்று இணைந்து ஒரே பையாகின்றன. செல்லின் கனஅளவு பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்கு பெருகும். அந்தப் பெருக்கத்தில் பெரும்பங்கு தண்ணீர். புரதம் செய்ய நைட்ரஜன் வேண்டும், ஆற்றல் வேண்டும். தண்ணீருக்கு அந்தச் செலவு இல்லை. ஒரு நாளில் தளிர் அவ்வளவு நீளமாக எழுவதன் சூட்சுமம் இதுதான். விலங்கு செல் பெரிதாக வேண்டுமென்றால் உண்மையிலேயே சைட்டோபிளாசத்தை உற்பத்தி செய்தாக வேண்டும்.

"செல்லின் 90 சதவீதம் வாக்குவோல்" என்ற எண்ணைப் பலர் நம்பமுடியாமல் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மைக்ரோமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம் கொண்ட ஒரு செல்லின் கனஅளவு 2,50,000 கன மைக்ரோமீட்டர். சைட்டோபிளாசம் எல்லாப் பக்கமும் வெறும் 1 மைக்ரோமீட்டர் கனத்தில் படிந்திருக்கிறது என்றால், நடுவே மிஞ்சும் பை 98 × 48 × 48, அதாவது 2,25,792. ஏறக்குறைய 90 சதவீதம். படிவு 2 மைக்ரோமீட்டராக இருந்தால்கூட 81 சதவீதம். பசுங்கணிகங்கள் இந்த மெல்லிய விளிம்பில்தான் இருந்தாக வேண்டும். அது ஒளிச்சேர்க்கைக்கு வசதியும்கூட, ஏனென்றால் கார்பன் டை ஆக்சைடு வெளியிலிருந்து வந்து சேர வேண்டிய தூரம் குறைகிறது.

வாக்குவோலுக்குள் என்ன நடக்கிறது என்பதிலும் இரண்டு பக்கமும் ஒப்பிட நிறைய இருக்கிறது. டோனோபிளாஸ்டில் இரண்டு வகைப் புரோட்டான் பம்புகள் உண்டு. ஒன்று செல்லின் முக்கிய ஆற்றல் மூலக்கூறான ஏடிபியில் ஓடுகிறது, இன்னொன்று பைரோஃபாஸ்ஃபேட் என்ற சிறிய பாஸ்பேட் மூலக்கூறில். இரண்டும் ஹைட்ரஜன் அயனியை உள்ளே தள்ளுவதால் சாறு அமிலமாகிறது: சைட்டோபிளாசத்தின் பிஎச் 7.2 அளவில் இருக்க, வாக்குவோலில் சாதாரணமாக 5 முதல் 5.5 வரை. எலுமிச்சையின் சாற்றுப் பைகளில் 2.5 வரையும் அதற்குக் கீழும் இறங்கும். பல்லைக் கூச வைக்கும் அந்தப் புளிப்பு முழுவதும் வாக்குவோலுக்குள் பூட்டி வைக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் நடுநிலையில்தான் இருக்கிறது. விலங்கு செல்களில் பைரோஃபாஸ்ஃபேட் பம்பு கிடையாது. ஏடிபி பம்பு உண்டு, ஆனால் அது முக்கியமாக உட்கார்ந்திருப்பது செரிக்கும் பையான லைசோசோமிலும், செல் உள்ளே எடுத்ததைச் சுமக்கும் பையான எண்டோசோமிலும்.

அமிலத்தன்மையின் வேறுபாடு கண்ணுக்கே தெரியும் இடம் பூ. ஐபோமியா ட்ரைகலர் என்ற கொடியின் மொட்டு சிவப்புக் கலந்த ஊதாவாக இருந்து, மலரும்போது வான நீலமாகிறது. நிறமி மாறவில்லை. இதழின் மேல்தோல் செல்களில் வாக்குவோலின் பிஎச் 6.6இலிருந்து 7.7க்கு ஏறுகிறது, ஆந்தோசயனின் என்ற அந்த நிறமி நிறம் மாற்றிக் காட்டுகிறது. இதற்குக் காரணமான டோனோபிளாஸ்ட் புரதம், சோடியத்தையோ பொட்டாசியத்தையோ உள்ளே வாங்கி ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும் பரிமாற்றி. இதே குடும்பத்தைச் சேர்ந்த பரிமாற்றியை, ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அதிகமாக உருவாகச் செய்தபோது, 200 மில்லிமோலார் உப்பிலும் அது வளர்ந்ததை 1999இல் காட்டினார்கள். சைட்டோபிளாசத்தில் இருந்தால் நஞ்சாகும் சோடியத்தை வாக்குவோலுக்குள் ஒதுக்கி வைத்ததுதான் அங்கே நடந்த வேலை.

ஒதுக்கி வைப்பது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். விலங்குக்குச் சிறுநீரகம் உண்டு, கல்லீரல் உண்டு. தாவர செல்லுக்குக் கழிவை ஏற்றி அனுப்பும் அப்படிப்பட்ட உறுப்புகள் கிடையாது. வேண்டாத கால்சியத்தை ஆக்சலேட் படிகமாக்கி வாக்குவோலுக்குள் போடுகிறது. பூச்சியை விரட்டும் கசப்பையும் நஞ்சையும் அங்கேயே சேர்க்கிறது. விதைகளில் புரதத்தைச் சேமிக்கும் தனி வகை வாக்குவோல்கள் இருக்கின்றன, முளைக்கும்போது அவையே செரிக்கும் பைகளாக மாறுகின்றன. கள்ளி போன்ற வறண்ட நிலச் செடிகள் இரவில் இலைத்துளையைத் திறந்து, பிடித்த கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக்கி வாக்குவோலில் நிரப்பிக்கொள்கின்றன; பகலில் துளையை மூடிக்கொண்டு அந்த இருப்பைச் செலவழிக்கின்றன. கிடங்கு, குப்பைக்குழி, செரிமானப் பை, அழுத்தத் தொட்டி எல்லாம் ஒரே பைக்குள்.

விலங்கு செல்லில் இந்த வேலைகள் பிரிந்து கிடக்கின்றன. செரிப்பது லைசோசோம். 1955இல் கிறிஸ்டியன் டி டூவ் பெயரிட்ட இந்தச் சிறு பையின் உட்புற பிஎச் 4.5 முதல் 5 வரை. தாவர வாக்குவோலுக்கு நெருங்கிய உறவு எது என்று கேட்டால், விலங்கின் 'வாக்குவோல்' என்பதைவிட லைசோசோம் என்றே சொல்வேன். செல் தன் பழைய பாகங்களைப் பைக்குள் சுற்றி மறுசுழற்சி செய்யும் தன்னுண்ணலில், அந்தப் பை தாவரத்திலும் ஈஸ்டிலும் வாக்குவோலோடு இணைகிறது, விலங்கில் லைசோசோமோடு இணைகிறது. யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு வாங்கித் தந்த ஆய்வு ஈஸ்டின் வாக்குவோலைப் பார்த்துத்தான் தொடங்கியது.

அப்படியானால் விலங்கு செல்லில் வாக்குவோல் என்று எதைச் சொல்கிறோம்? பெரும்பாலும் தற்காலிகமாக உண்டாகி மறையும் பைகளை. மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல் ஒன்று பாக்டீரியாவை விழுங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மா சவ்வே கை நீட்டி பாக்டீரியாவைச் சூழ்ந்து, உள்ளே கிள்ளிப் பிரிகிறது. இப்போது அது ஒரு உணவு வாக்குவோல். ஆரம்பத்தில் உள்ளே நடுநிலை. எண்டோசோம்கள் வந்து சேரச் சேர, பம்புகள் ஏறுகின்றன, சுமார் அரை மணி நேரத்தில் பிஎச் 5க்கு அருகில் இறங்குகிறது. லைசோசோம்கள் இணைந்து நொதிகளைக் கொட்டுகின்றன. செரித்ததைச் சைட்டோபிளாசம் எடுத்துக்கொண்டதும் பை சுருங்கி இல்லாமல் போகிறது. தாவரத்தின் மைய வாக்குவோலோ ஒருமுறை உருவானால் செல்லோடுதான் முடியும். சைலத்தின் நீர்க்குழாய் செல்கள் உருவாகும்போது டோனோபிளாஸ்ட் வெடித்து, உள்ளிருந்த நொதிகள் செல்லின் உள்ளடக்கத்தையே கரைத்து, வெறும் குழாயை மிச்சம் வைக்கின்றன.

இங்கே மூன்று குழப்பங்களைத் தீர்த்துவிட வேண்டும். அமீபா, பரமேசியம் ஆகியவற்றின் சுருங்கும் வாக்குவோலை "விலங்கு செல்லின் வாக்குவோல்" என்று எழுதுகிறார்கள். அவை இன்றைய வகைப்பாட்டில் விலங்குகள் அல்ல, புரோட்டிஸ்டுகள். நன்னீரில் வாழும், சுவர் இல்லாத செல்லுக்குள் ஓயாமல் தண்ணீர் புகும். அதைச் சேர்த்து சில விநாடிகளுக்கோ சில நிமிடங்களுக்கோ ஒருமுறை வெளியே பீய்ச்சும் பம்பு அது. கடல் வாழ் ஒற்றைச் செல் உயிரிகள் பலவற்றில் இது இல்லாததற்குக் காரணமும் அதுவே. உண்மையான விலங்குகளில் நன்னீர்க் கடற்பஞ்சுகளின் செல்களில் இதைக் காணலாம். இரண்டாவது, கொழுப்பு செல்லில் நடுவே பெரிதாக நிற்கும் கொழுப்புத் துளி. அது வாக்குவோல் அல்ல. அதைச் சூழ்ந்திருப்பது இரண்டடுக்குச் சவ்வு அல்ல, ஒற்றை அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகள். உள்ளே நீர்க்கரைசலும் இல்லை. மூன்றாவது, "விலங்கு செல்லில் ஒருபோதும் பெரிய வாக்குவோல் இருக்காது" என்பது. முதுகெலும்பிகளின் கருவில் முதுகுத்தண்டுக்கு முன்னோடியான முதுகுநாண் இருக்கிறது. வரிக்குதிரை மீனின் கருவில் அதை நன்றாகப் பார்க்கலாம். அதன் உள் செல்கள் ஒவ்வொன்றிலும் செல்லை ஏறக்குறைய நிரப்பிவிடும் ஒரே வாக்குவோல், லைசோசோம் வழி வந்தது. அது உப்பி நிற்கும்போது உடல் நீள்கிறது. எப்படி வெடிக்காமல் நிற்கிறது? முதுகுநாணைச் சுற்றி கொலாஜன் நிறைந்த உறுதியான உறை இருக்கிறது. சுவரின் வேலையை அந்த உறை செய்கிறது. சுவர் கிடைத்த இடத்தில் விலங்கும் தாவரத்தின் உத்தியையே எடுத்துக்கொள்கிறது என்பது எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம்.

நேரில் பார்க்க விரும்பினால் சிவப்பு வெங்காயமே போதும். சதைப்பற்றுள்ள ஒரு இதழின் வெளிப்புற, அதாவது குவிந்த பக்கத்துத் தோலில்தான் நிறம் இருக்கும். பிளேடால் 5 மில்லிமீட்டர் சதுரமாகக் கீறி, இடுக்கியால் மெதுவாக உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் சுருக்கமில்லாமல் வைத்து மூடுகண்ணாடி போடுங்கள். 10 மடங்கு பொருளருகு வில்லையில் செல் முழுவதும் இளஞ்சிவப்பாகத் தெரியும். நிறம் சைட்டோபிளாசத்தில் இல்லை, வாக்குவோலில் இருக்கிறது. அது செல்லை நிரப்பியிருப்பதால் செல்லே சிவப்பாகத் தெரிகிறது. இப்போது 34 கிராம் சர்க்கரையைக் கரைத்து மொத்தம் 100 மில்லியாக்கிய கரைசலை (சுமார் 1 மோலார்) மூடுகண்ணாடியின் ஒரு ஓரத்தில் விட்டு, எதிர் ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்து இழுங்கள். சர்க்கரைக்குப் பதில் 100 மில்லியில் 3 கிராம் சமையல் உப்பும் போதும், சவ்வூடு பரவல் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சில நிமிடங்களில் சிவப்பு சுவரின் மூலைகளிலிருந்து விலகி உள்ளே ஒடுங்கும், நிறம் அடர்த்தியாகும். சாயம் குறையவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. விலகிய இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் 'காற்று' என்றோ 'வெற்றிடம்' என்றோ பதில் வரும். இருப்பது நீங்கள் விட்ட கரைசல். செல் சுவர் அதைத் தடுப்பதில்லை. மறுபடி தண்ணீரை இழுத்துவிட்டால் சிவப்பு விரிந்து சுவரைத் தொடும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் சில. வெட்டிய ஓரத்து செல்கள் கிழிந்து நிறமற்று இருக்கும், நடுவில் உள்ளவற்றைப் பாருங்கள். தோல் தடிமனாக வந்தால் நிறமற்ற செல்கள் பல அடுக்காகச் சேர்ந்து படத்தை மறைக்கும். நீண்ட நேரம் வைத்தால் கரைசல் காய்ந்து செறிவு ஏறும், அதன் பிறகு தண்ணீர் விட்டாலும் செல் திரும்பாது. கிளிசரால் கரைசலைப் பயன்படுத்தினால் சுருங்கிய செல் சிறிது நேரத்தில் தானாகவே விரியலாம், ஏனென்றால் கிளிசரால் மெதுவாகச் சவ்வைக் கடந்து உள்ளே போகிறது. துண்டைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் டோனோபிளாஸ்ட் சிதைந்து நிறம் வெளியே கசியும், பிறகு எந்தக் கரைசலிலும் சுருக்கம் காட்டாது. உயிருள்ள சவ்வு வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சோதனை இல்லை.

நிறமில்லாத உள்தோலில் பார்க்க நியூட்ரல் ரெட் சாயம் உதவும். 0.01 சதவீதக் கரைசலை பிஎச் 7.5 முதல் 8 வரை வைத்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். மின்னூட்டமில்லாத சாயம் சவ்வுகளைக் கடந்து போய், அமிலச் சாற்றில் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து மின்னூட்டம் பெற்று, திரும்பி வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். வாக்குவோல் சிவக்கும். கரைசல் அமிலமாக இருந்தால் சாயம் வெளியிலேயே மின்னூட்டம் பெற்றுவிடும், சுவர் மட்டும் நிறமேறி வாக்குவோல் வெளிறிக் கிடக்கும். இதே சாயம் உயிருள்ள விலங்கு செல்களில் லைசோசோம்களைச் சிறு சிவப்புப் புள்ளிகளாகக் காட்டுகிறது.

கன்ன செல்லை மெத்திலீன் ப்ளூ சாயத்தில் பார்க்கும்போது மட்டும் வாக்குவோலைத் தேட வேண்டாம். கன்னத்தின் உட்புறத்திலிருந்து உதிரும் மேல்தோல் செல்கள் பெரும்பாலும் இறந்தவை அல்லது இறந்துகொண்டிருப்பவை. மேலும் விலங்கு செல்லின் பைகள் பலவும் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய 0.2 மைக்ரோமீட்டர் எல்லைக்குக் கீழே அல்லது அதை ஒட்டியே இருக்கும். உட்கருவும் செல் எல்லையும் தெரிந்தால் அவற்றை மட்டும் வரையுங்கள். பாடநூல் படத்தில் இருக்கிறதே என்று நான்கு வட்டங்களைச் சேர்த்து 'வாக்குவோல்' என்று அம்புக்குறி போட்டால், அது நீங்கள் பார்த்த செல்லின் படம் அல்ல.